பாட்டு வரி கட்டம் கட்டமாக வருகிறதா? சத்தமே வரவில்லையா?

யாங்கோனில் கோயில் பஜனைக்காகப் பிள்ளைகளுக்கு ஸ்வரம் எழுதிக் கொடுக்கிறவர்களுக்கு இது. லினக்ஸ் கணினியில் மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளைத் திறந்து ஸ்வரத்துக்குக் கீழே பாட்டு வரியைத் தட்டினால் சிலருக்குக் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். உடனே மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி இறக்காதீர்கள், கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் அதிலேயே போய்விடும். திரையில் என்ன தெரிகிறது என்று முதலில் உற்றுப் பாருங்கள்.

கட்டம் என்றால் எழுத்துரு இல்லை. மியூஸ்ஸ்கோர் 4 தானாக எடுப்பது எட்வின் எழுத்துருவை, அதில் தமிழ் கிடையாது. கணினியில் வேறு தமிழ் எழுத்துரு இருந்தால் அதை வைத்துச் சமாளிக்கும், ஒன்றுமே இல்லாவிட்டால் கட்டம்தான். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழை நிறுவி, மென்பொருளை மூடித் திறங்கள். அப்புறம் டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் பக்கத்தில் பாட்டு வரிக்கு ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டு இருக்கும், இரண்டிலும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டாவது சரணம் பழையபடியே கிடக்கும்.

கட்டம் இல்லாமல் ஆங்கில எழுத்தாகத் தாறுமாறாக வந்தால் கதை வேறு, அது யாரோ பழைய பாமினியில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துருவில், தட்டிய வரி. 2019 அக்டோபரில் பர்மிய எழுத்து ஜாவ்ஜி என்ற பழைய முறையிலிருந்து எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடுக்கு மாறியபோது போனில் பட்ட பாடு நமக்கு மறக்காது, இதுவும் அந்த மாதிரிதான். எத்தனை எழுத்துரு போட்டாலும் தீராது, வரியையே யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு கொம்பையும் காலையும் பாருங்கள். பாமினியில் 'கொ' தட்டும்போது முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யுனிகோடில் க முதலில் வர வேண்டும். புள்ளி வட்டத்தின் மேல் கொம்பு தனியாகத் தொங்கினால் அந்த எழுத்தை அழித்துக் கையால் தட்டிவிடுங்கள். பிள்ளைகள் பார்த்துப் படிக்கப்போகிற எழுத்து, பிழையோடு விடவே கூடாது.

சரி, சத்தம். பாதி நேரம் அது எச்டிஎம்ஐ கேபிள் வழியாகத் திரைக்குப் போய்க்கொண்டிருக்கும். பாவுகன்ட்ரோல் என்ற ஒலி அமைப்புச் செயலியைத் திறந்து எந்த வழியில் போகிறது என்று பார்த்து, ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். சத்தம் வந்தும் படபடவென்று வெட்டினால் பஃபரைக் கூட்டுங்கள், அதாவது ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை, 256 இருந்தால் 1024. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்றால் 1024-க்குச் சுமார் 21 மில்லிநொடி தாமதம், எழுதியதைக் கேட்டுப் பார்க்க அது ஒரு பொருட்டே இல்லை. இசைக் கீபோர்டை இணைத்து வாசிக்கும்போது மட்டும் பஃபரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஜாக் என்ற ஒலிச் சேவை மென்பொருள் தனியாக ஓடிக்கொண்டிருந்தால் சவுண்ட் கார்டை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும், அதை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.