விழித்திரை அறுவைக்குப் பிறகு கெந்திங் வேண்டாம், திருச்சி விமானமும் வேண்டாம்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை இடக்கண்ணில் மின்னல் அடித்த மாதிரி வெளிச்சம், கூடவே கரும்புள்ளிகள். பவர் கூடியிருக்கும் என்று கண்ணாடிக் கடைக்குப் போனார். ஞாயிறன்று ஓரத்தில் திரை போட்டதுபோல் நிழல் வந்தது. செவ்வாய்க்கிழமைதான் மருத்துவமனைக்குப் போனார். அதற்குள் கண்ணின் பின்புறச் சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலமான விழித்திரை, அதன் நடுப்பகுதியான மாக்குலா வரை விலகியிருந்தது.

எல்லாத் தவறுகளிலும் பெரியது இந்தத் தாமதம். முதல் அறுவையிலேயே பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு விழித்திரை ஒட்டிவிடுகிறது. ஆனால் ஒட்டுவது வேறு, பார்வை திரும்புவது வேறு. மாக்குலா விலகும் முன்பே அறுவை நடந்தால் நல்ல பார்வை மிஞ்சும். சித்தப்பாவுக்கு ஒட்டியது, இன்றும் கதவு நிலை அவருக்கு வளைந்துதான் தெரிகிறது.

அடுத்தது, கண்ணுக்குள் வைக்கும் வாயு. விழித்திரையில் விழுந்த கிழிசல் ஆறும்வரை அந்த வாயு அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிறது. வாயுவின் வகையைப் பொறுத்து இரண்டு வாரமோ இரண்டு மாதமோ உள்ளே இருக்கும். உயரம் கூடக்கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், வாயு விரியும். கண் பலூன் இல்லை, விரிந்து கொடுக்காது. உள்ளழுத்தம் ஏறி ரத்த ஓட்டமே நின்றுவிடலாம், பார்வை நிரந்தரமாகப் போகலாம். விமானம் ஆபத்து என்று பலருக்குத் தெரியும். ஆனால் கோலாலம்பூர் பக்கத்து மலைச் சுற்றுலாத் தலமான கெந்திங்கும் சுமார் 1,800 மீட்டர் உயரம், கேமரன் மலையும் உயரம்தான். காரில் ஏறினாலும் அதே ஆபத்து. ஊரில் கல்யாணம், திருச்சிக்கு டிக்கெட் போட்டாச்சு என்றால் தள்ளிப்போடுங்கள். வாயு முழுக்கக் கரைந்துவிட்டதென்று மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வேறு ஏதாவது அறுவைக்கோ பல் மருத்துவரிடமோ போனால், கண்ணில் வாயு இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். மயக்கத்துக்குச் சிரிப்பு வாயு (நைட்ரஸ் ஆக்சைடு) கொடுத்தாலும் கண்ணில் இருக்கும் வாயு இதே போல விரியும்.

குப்புறப் படு, தலையைக் குனி, ஒருக்களித்துப் படு என்று சொல்வது கிழிசல் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. பக்கத்துவீட்டுக்காரருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. பார்க்க வந்தவர்களுக்கு மரியாதை கொடுக்கச் சித்தப்பா தலையைத் தலையை நிமிர்த்தினார். கடைசியில் சின்னம்மா எல்லோரையும் தரையில் பாய் விரித்து உட்காரவைத்தார். நல்ல யோசனை.

வாயு இருக்கும்வரை கண் மங்கலாகத்தான் இருக்கும். அறுவை தோற்றுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கரையும்போது தண்ணீர் மட்டம் போல ஒரு கோடு மேலிருந்து கீழே இறங்கும். தெளிவு வரப் பல மாதம் ஆகலாம். வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைத்திருந்தால் அது தானாகக் கரையாது. பெரும்பாலும் சில மாதத்தில் இன்னொரு அறுவை செய்து எடுப்பார்கள். வலி இல்லையே என்று அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எதுவும் கண்ணில் விடக்கூடாது. சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது. வாந்தியோடு கடுமையான வலி வந்தாலோ, திரை போன்ற நிழல் திரும்பினாலோ நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதல் சில வாரங்களில் தழும்புத் திசு வளர்ந்து விழித்திரையை மறுபடி இழுக்கலாம். மறு கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சித்தப்பாவின் வலக்கண்ணில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தது. லேசர் வைத்தே அடைத்துவிட்டார்கள்.