குரோன் நோயின் தீவிரத்தை எம்ஆர்ஐ படத்தில் கணிப்பது எப்படி?

குரோன் நோயின் அழற்சி குடல் சுவரின் முழுத் தடிமனிலும் ஊடுருவுவது. கொலனோஸ்கோப்பி காட்டுவதோ உட்பரப்பை மட்டுமே. சுவரையும் அதைச் சூழ்ந்த கொழுப்பையும் கதிர்வீச்சின்றிப் பார்க்க உதவுவது எம்ஆர்ஐ என்டரோகிராபி.

பாதி வேலை ஸ்கேன் அறைக்கு வெளியிலேயே முடிகிறது. நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்தவர், குடலை விரித்துக் காட்ட, மன்னிட்டால் (குடலில் நீரைத் தக்கவைக்கும் ஒரு சர்க்கரை ஆல்கஹால்) போன்றவை கலந்த திரவத்தை 1 முதல் 1.5 லிட்டர் வரை, 45 முதல் 60 நிமிடங்களுக்குள் குடிக்க வேண்டும். திகட்டும் அந்தத் திரவத்தைப் பலர் பாதியில் வைத்துவிடுவார்கள் என்பதால், எவ்வளவு உள்ளே போனது என்று கேட்காமல் படமெடுக்கத் தொடங்கக் கூடாது. குடல் அசைவை அடக்க பஸ்கோபான் ஊசி உதவும்.

படத்தைப் பார்க்கும்போது, தடிமனை அளப்பதற்கு முன் அந்தப் பகுதி விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். சுருங்கிய குடல் நோயுற்றதைப் போலவே தடித்துத் தெரியும். வேறொரு படவரிசையில் அதே இடம் விரிந்து மெலிந்திருந்தால் அது வெறும் சுருக்கமே.

விரிந்த நிலையிலும் சுவர் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால், நீர்வீக்கத்தைத் தேடுங்கள். டி2 படத்தில் (நீர் வெளுத்துத் தெரியும் எம்ஆர்ஐ படவரிசை) முதுகெலும்பை ஒட்டிய சோயாஸ் தசையைவிடச் சுவர் வெளுத்துத் தெரிவதே அதன் அடையாளம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: நாள்பட்ட நோயில் சுவருக்குள் படியும் கொழுப்பும் அப்படியே வெளுத்துத் தெரியும். கொழுப்பை அடக்கி எடுத்த டி2 படத்தில் அந்த வெண்மை மங்கினால் அது கொழுப்பு, மங்காமல் நின்றால் நீர்வீக்கம்.

குரோன் நோயின் தீவிரத்தை எம்ஆர்ஐ படத்திலிருந்து எண்ணால் கணிக்கும் எளிமையாக்கப்பட்ட மரியா மதிப்பெண்ணில் 3 மி.மீ.க்கு மேற்பட்ட தடிமன், நீர்வீக்கம், சுற்றுக் கொழுப்பின் கலங்கல் ஆகியவற்றுக்குத் தலா ஒரு புள்ளியும், உட்சுவரில் பள்ளமாகத் தெரியும் புண்ணுக்கு இரண்டும் சேரும். ஒரு புள்ளி வந்தாலே நோய் செயலில் இருக்கிறது. இரண்டோ அதற்கு மேலோ வந்தால் நோய் கடுமையானது. சிறுகுடலின் கடைப்பகுதியில் 6 மி.மீ. தடிமன், நீர்வீக்கம், கொழுப்புக் கலங்கல் மூன்றும் இருந்து புண் இல்லையென்றால் மதிப்பெண் 3. ஒவ்வொரு பகுதிக்கும் இதைத் தனித்தனியே இட வேண்டும். இக்கணக்குக்குக் கடோலினியம் (நரம்பில் ஏற்றும் எம்ஆர்ஐ மாறுபாட்டு மருந்து) தேவையில்லை என்பது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பெரிய வசதி.

குடல் குறுகல், புரைவழி (குடலிலிருந்து வேறொரு உறுப்புக்கோ தோலுக்கோ உருவாகும் தவறான பாதை), சீழ்க்கட்டி ஆகியவை மதிப்பெண்ணில் அடங்கா. குறுகலுக்கு மேலே குடல் 3 செ.மீ.க்கு மேல் விரிந்திருந்தால் அதை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.