லயக் காம்பராவுக்கு எந்த சப்வூஃபர்?

சப்வூஃபர் என்பது பேஸ் எனும் தாழ்ந்த சுரங்களை மட்டும் எழுப்பும் ஸ்பீக்கர். தோட்டத்து லயத்தின் 10 அடிக்கு 12 அடி காம்பராவில் 12 அங்குல சப்வூஃபர் வீண் செலவு. பாட்டுக் கேட்க 8 அங்குலம் போதும். பங்களா ஹோல் போல விசாலமான இடமென்றால் 10 அங்குலம்.

கடையில் 5000 வொட் பி.எம்.பி.ஓ. (ஒரு கணம் மட்டும் எட்டும் உச்ச சக்தி) என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரும் சக்தி, எத்தனை என்று கேளுங்கள். இந்த அறைக்கு 100 வொட் தாராளம். வொட்டைவிட, பேஸ் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதுதான் முக்கியம். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹேர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 41 தடவை, அதிரும். ஆகவே சத்தம் 3 டெசிபலுக்கு (சத்தத்தின் அளவு) மேல் குறையாமல் 38 ஹேர்ட்ஸ் வரை வந்தால் சினிமாப் பாட்டு, பைலா இரண்டுக்கும் குறையில்லை. டெசிபல் சொல்லாமல் வெறும் "20 ஹேர்ட்ஸ்" என்றால் அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

ஒரே அளவில் போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டி கூடுதல் சத்தம் தரும். ஆனால் அதன் எல்லைக்குக் கீழே ஒக்டேவுக்கு (ஹேர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் வீதம் சத்தம் விழும்; மூடிய பெட்டியில் 12தான். தவில் அடி இழுபடாமல் கேட்க வேண்டுமென்றால் மூடியதையே வாங்குங்கள். பழைய ஸ்டீரியோ ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயரில்) சப்வூஃபருக்கான தனி இணைப்பு, அதாவது சப் அவுட், இருக்காது. ஸ்பீக்கர் வயரையே கொடுக்கும் ஹை லெவல் இன்புட் சப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இனி வைக்கும் இடம். பாதிப் பிரச்சினை இங்கேதான். 12 அடி நீளத்தில் 47 ஹேர்ட்ஸும் 10 அடி அகலத்தில் 56 ஹேர்ட்ஸும் தேங்கும். அறையின் நடுவில் உட்கார்ந்தால் அந்தச் சுரங்கள் காணாமல் போகும், சுவரோரம் வீங்கும். சப்பை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் நடந்துகொண்டே இருக்கும் பாட்டொன்றைப் போட்டு, சுவரோரமாகக் குனிந்து நகருங்கள். எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கிற இடம்தான் சப்பின் இடம். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவர் மட்டும் வேண்டாம். அடியில் ரப்பர் விரித்தால் தரை அதிர்வு குறையும். காற்றில் போகும் பேஸை அது தடுக்காது, இரவில் வொலியூமைத்தான் குறைக்க வேண்டும்.

5 அங்குல ஸ்பீக்கரோடு, எந்தச் சுரத்துக்குக் கீழே சப் பாட வேண்டும் என்று தீர்மானிக்கும் கிராஸ்ஓவரை 60 ஹேர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். கிராஸ்ஓவர் உள்ளேயே இருக்கும் ரிசீவர் என்றால் சப்பின் கிராஸ்ஓவர் திருகை முழுதாகத் திறந்துவிட்டு ரிசீவரில் 80 ஹேர்ட்ஸ் வையுங்கள். சப்பின் அதிர்வை மற்ற ஸ்பீக்கரோடு ஒத்துப்போக வைக்கும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றிப் பார்த்து, பேஸ் பலமாகக் கேட்பதை வைத்துக்கொள்ளுங்கள். சப் தனியாகக் காதில் பட்டால் வொலியூம் கூடிவிட்டது.

தகரக் கூரை கிறுகிறுத்தால் சப் மீது பழி போடாதீர்கள். 30 முதல் 100 ஹேர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் டோனை ஓடவிட்டு, அதிரும் தகட்டைக் கண்டுபிடித்து ரப்பர் வாஷரோடு இறுக்குங்கள்.

சப் பெட்டியின் எம்.டி.எஃப். பலகை (மரநாரை அழுத்திச் செய்தது) ஈரம் குடித்து ஊதும். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் சீமெந்துத் தரையில் நேராக வைக்காமல் 2 அங்குலம் உயர்த்துங்கள். மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் மாதங்களில் இடி முழங்கினால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றுங்கள். ஆம்ப்போடு இணைத்ததும் சப் "ம்ம்ம்" என்று இரைந்தால் இரண்டையும் ஒரே மல்ட்டிபிளக்கில் செருகிப் பாருங்கள். எர்த் பின்னை வெட்டக் கூடாது.