இஸ்தான்புல்லில் ஃபுட் டூர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்தான்புல்லுக்கு டிக்கெட் போட்டவர்கள் எனக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு ஃபுட் டூரின் லிங்க், கீழே "இது ஓகேவா?" என்று ஒரு வரி. திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஓகே இல்லை. வேலை விஷயமாகப் பல வருடங்களாக அந்த ஊருக்குப் போய்வருகிறேன். காசு கொடுத்து டூர் போயிருக்கிறேன், நண்பர்களை நானே சந்து சந்தாகக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்தும் இருக்கிறேன். புதிதாகப் போகிறவர்கள் வருடா வருடம் அதே இடங்களில்தான் ஏமாறுகிறார்கள். நல்ல ஷூ போடுங்கள், தண்ணீர் பாட்டில் எடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கடைசி நாளுக்குத் தள்ளிப்போடுவது

போய் இறங்கிய மறுநாளே டூர் போய்விடுங்கள். மெர்ஜிமெக் என்ற பருப்பு சூப்பில் எலுமிச்சை பிழிந்து மிளகாய்த் தூவல் போட்டுக் குடிக்க வேண்டும், கொத்துக்கறி தடவிச் சுட்ட மெல்லிய ரொட்டியான லஹ்மஜுனில் பார்ஸ்லி இலையை வைத்துச் சுருட்டிச் சாப்பிட வேண்டும், உழைப்பாளிகள் சாப்பிடும் எஸ்னாஃப் லோகாந்தாவில் மெனு கேட்காமல் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தட்டுகளைக் கைகாட்டி வாங்க வேண்டும் என்பதையெல்லாம் முதலிலேயே ஒருவர் காட்டிக்கொடுத்தால் மிச்ச நாட்கள் முழுக்க நீங்களே தைரியமாகச் சாப்பிடலாம். கடைசி நாளில் தெரிந்துகொண்டு என்ன செய்ய?

'12 ருசிகள்' என்ற எண்ணிக்கையில் மயங்குவது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான். இரண்டு டூர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றில் ஆறு ருசி, விலை அதிகம். இன்னொன்றில் பன்னிரண்டு ருசி, விலை பாதி. உடனே இரண்டாவதை புக் செய்துவிடுவார்கள்.

அந்தப் பன்னிரண்டும் என்னென்ன என்று யாரும் கேட்பதில்லை. லோக்கும் மிட்டாய், ஆப்பிள் டீ, காய்ந்த அத்திப்பழம், காய்ந்த ஆப்ரிகாட், பிஸ்தா, தேன், ஆலிவ், ஒரு கடி பக்லாவா. இவை எல்லாமே சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் கடைகளில் வாசலில் நிற்கும் யாருக்கும் சும்மா கொடுப்பவை. டூரே வேண்டாம், நீங்கள் தனியாக நடந்துபோனாலும் தட்டை நீட்டுவார்கள். அந்த ஆப்பிள் டீ பெரும்பாலும் பொடியைக் கரைத்துப் பயணிகளுக்காகவே தருவது. உள்ளூர்க்காரர்கள் குடிப்பது கருங்கடல் கரையிலுள்ள ரீஸே பக்கத்துக் கறுப்புத் தேநீர், இடை சிறுத்த சின்னக் கண்ணாடிக் குவளையில். ஆக, இலவசமாகக் கிடைப்பதை உங்களிடமே விலைக்கு விற்றுவிட்டு, நீங்கள் அங்கே வாங்கும் பொருளுக்குக் கடைக்காரரிடம் கமிஷனும் வாங்கிக்கொள்கிறார்கள். டூர் பாதி விலைக்குக் கிடைப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

என் சித்தப்பா மகனும் அவன் மனைவியும் போனது இப்படி ஒரு டூர். எமினோனுவில் யெனி மசூதி வாசலில் கூடினார்கள். ஆளுக்கு ஒரு சிமித், அதாவது எள் ஒட்டிய வளைய ரொட்டி, கையில் கொடுத்தார்கள், அது நன்றாகவே இருந்ததாம். அப்புறம் நேராக மிசிர் சார்ஷிசிக்குள், அதாவது மசாலா பஜாருக்குள், ஒரே ஒரு கடை. முக்காலி போட்டு உட்காரவைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒவ்வொரு தட்டு வரும்போதும் கைடு "இது நாலாவது, இது அஞ்சாவது" என்று சத்தமாக எண்ணியிருக்கிறார். சூடாக, தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டது என்று ஒன்றுகூட இல்லை.

அவன் மனைவியின் தங்கை அப்போது மாசமாக இருந்தாள். பாலில் போட்டுக் குடிக்க நல்ல குங்குமப்பூ வேண்டும் என்று ஊரிலிருந்தே கேட்டிருந்தாள். கைடு நம்பிக்கையாகத் தலையாட்டியதால் அந்தக் கடையிலேயே பெரிய டப்பாவாக வாங்கிவிட்டார்கள். சாயங்காலம் போட்டோ அனுப்பினான். பார்த்ததுமே தெரிந்தது. ஆரஞ்சும் சிவப்புமாகத் துண்டு துண்டான இதழ்கள். அது குசும்பப்பூ. அங்கே 'துருக்கிக் குங்குமப்பூ' என்று பெயர் சொல்லி விற்பார்கள். அசல் குங்குமப்பூ ஆழ்ந்த சிவப்பில் இழை இழையாக இருக்கும். ஒவ்வொரு இழையின் ஒரு நுனியும் நாதஸ்வர அணைசு மாதிரி விரிந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் போட்டால் தண்ணீர் மெதுவாகப் பொன்மஞ்சள் ஆகும், இழை சிவப்பாகவே கிடக்கும். அவர்கள் கொடுத்த பணத்துக்கு அசலே சில கிராம் வாங்கியிருக்கலாம். மாசமாக இருப்பவளுக்கு என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டே வேறு பூவை எடுத்துக் கட்டிக்கொடுத்ததை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

பஜாரைக் குறை சொல்லவில்லை. 1660களில் கட்டிமுடித்தது, அதன் கடை வாடகையில்தான் பக்கத்து மசூதியின் செலவு நடந்தது. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள், மணத்தை முகருங்கள், வெளியே வந்துவிடுங்கள். மேற்கு வாசலைத் தாண்டினால் ஹசிர்ஜிலார் தெரு. உள்ளூர்க்காரர்கள் சீஸும் பாஸ்திர்மா என்ற மசாலா தடவிக் காயவைத்த இறைச்சியும் மசாலாவும் வாங்கும் இடம் அது. வாசலை ஒட்டியே 1871லிருந்து நடக்கும் மெஹ்மெத் எஃபெந்தி காபிக் கடை. வறுத்து அரைத்த தூளைப் பொட்டலம் கட்டி வாங்கிப்போக எப்போதும் வரிசை நிற்கும். என் தம்பி அந்த வரிசைக்குக் கூப்பிடு தூரத்தில்தான் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அங்கே கூட்டிப்போகவே இல்லை.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். விவரத்தில் பண்டங்களின் பெயர் இருக்கிறதா, இல்லை 'உள்ளூர்ச் சுவைகள்' என்று பொதுவாக மழுப்பியிருக்கிறதா? எத்தனை இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்? பொருள் விற்கும் கடைக்குள் எத்தனை நிமிடம் இருப்போம்? இந்த மூன்றாவது கேள்வியை எழுதியே அனுப்புங்கள். நேர்மையானவர் ஒரே வரியில் பதில் சொல்வார். சுற்றி வளைத்தால் விட்டுவிடுங்கள்.

நட்சத்திரத்தை மட்டும் பார்ப்பது

"கைடு ரொம்ப நல்லவர், சிரிக்கச் சிரிக்கப் பேசினார்" என்ற ரிவ்யூ நூறு இருந்தாலும் அதனால் பயன் இல்லை. என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள். "மறுநாளும் அதே கடைக்கு நாங்களாகவே போனோம்" என்று யாராவது எழுதியிருந்தால் அந்த டூரை நம்பலாம்.

'நாங்க வெஜ்' என்று மட்டும் சொல்வது

அங்கே அது போதாது. பருப்பு சூப்பைப் பல இடங்களில் எலும்புச் சாற்றில் கொதிக்கவைக்கிறார்கள். பிலாவ் சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். குரு ஃபசூல்யே என்ற வெள்ளை பீன்ஸ் குழம்பில் இறைச்சித் துண்டு கிடப்பது சகஜம். இறைச்சி, கோழி, மீன், எலும்புச் சாறு எதுவும் வேண்டாம், முட்டை சரி அல்லது முட்டையும் வேண்டாம் என்று தனித்தனியாக, சில நாள் முன்பே எழுதி அனுப்புங்கள். டூர் அன்று காலை சொன்னால் உங்களுக்கு ரொட்டியும் சாலடும்தான்.

சரியாகச் சொன்னால் சைவக்காரர்களுக்கு அந்த ஊரில் குறையே இல்லை. ஸெய்தின்யாலி என்று ஒரு வகையே இருக்கிறது. ஆலிவ் எண்ணெயில் வேகவைத்து ஆறவிட்டுப் பரிமாறும் பீன்ஸ், கத்தரிக்காய், ஆர்ட்டிசோக், திராட்சை இலைச் சுருள் எல்லாம் அதில் வரும். வழக்கமாக இறைச்சி சேராது. சூடாகத் தயிர் ஊற்றி வரும் டோல்மா என்ற அடைத்த காய்களில் கொத்துக்கறி இருக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள். சீ கோஃப்தே என்றால் பச்சைக் கறி உருண்டை என்று அர்த்தம், ஆனால் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்று அதற்கென்றே இருக்கும் கடைகளில் விற்பது கோதுமைக் குருணையை மிளகாய் விழுதோடு பிசைந்தது. லெட்யூஸ் இலையில் வைத்து, மாதுளைப் பாகு விட்டுச் சுருட்டித் தருவார்கள். நம் நாக்குக்கு அத்தனை பொருத்தம்.

அசைவம் சாப்பிடுகிறவர்களிலும் மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்கள் தனியாகச் சொல்ல வேண்டும். கம்பியில் சுழற்றிச் சுட்டுச் சீவித் தரும் டோனரிலும், கறி உருண்டையான கோஃப்தேயிலும் பெரும்பாலும் மாடு இருக்கும்.

காலையில் ஓட்டலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போவது

வேண்டாம்.

பெரிய கூட்டத்தோடு போவது

நல்ல கடைகளில் நாலு முக்காலிதான் இருக்கும். எட்டுப் பேருக்கு மேல் என்றால் வேறு டூர் பாருங்கள்.

கிழமையும் மாதமும் பார்க்காமல் புக் செய்வது

எஸ்னாஃப் லோகாந்தாக்களில் மதியம்தான் சாப்பாடு. மூன்று மணிக்குப் போனால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். கப்பாலி சார்ஷி என்ற பெரிய பஜார் ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பெருநாள் நாட்களிலும் கிடையாது. அதன் சந்துகளில் இருக்கும் கெபாப் கடைகளுக்குப் போகும் டூரை ஞாயிறன்று எடுத்தால் அவை இருக்காது.

ரமலான் வருடத்துக்கு வருடம் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வரும், அதனால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் பகல் டூர் வேண்டாம், மாலை டூர் எடுங்கள். நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் பேக்கரி வாசலில் ரமலான் பிடே என்ற ரொட்டிக்கு நிற்கும் வரிசையும், அதற்கப்புறம் பாலில் ஊறிய குல்லாச் இனிப்பும் அந்த மாதத்தின் விசேஷம்.

பழைய விலையை நம்புவது

2022 அக்டோபரில் அரசுக் கணக்கின்படியே ஆண்டுப் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டிய நாடு அது. இரண்டு வருடத்துக்கு முன் யாரோ எழுதிய லிரா விலையை வைத்து பட்ஜெட் போடாதீர்கள்.

அட்டை இல்லாத கைடு

துருக்கியில் கைடு வேலைக்கு உரிமம் கட்டாயம். 2012லிருந்து இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. உரிம அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் கேளுங்கள்.

பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ஏற்றத்தில் போவது

கராக்கோயிலிருந்து கலாட்டா கோபுரம் வரை செங்குத்து. முட்டிவலி உள்ள அப்பா அம்மாவோடு அந்தப் பக்கத்து டூர் எடுத்தால் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள். எமினோனுவிலிருந்து படகில் ஆசியக் கரைக்குப் போகும் காடிகோய் டூர் அவர்களுக்கு ஏற்றது. படகு 20 நிமிடம்தான், அதிலேயே தேநீர் கிடைக்கும், மார்க்கெட் தெருக்களில் பெரிய ஏற்றம் இல்லை. மீன் கடை, ஊறுகாய்க் கடை, சிப்பிக்குள் சோறு அடைத்த மித்யே டோல்மா, கோகோரெச் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். கோகோரெச் ஆட்டுக்குடலைச் சுற்றிச் சுட்டது. குடல் கறி பழகியவர்கள் இருந்தால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டாம் என்று கைடிடம் முன்பே சொல்லிவையுங்கள். வெளிநாட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்துப் பல டூர்களில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.