மூன்று நரம்புள்ள புதைபடிவ இலையை இனங்காண

இலவங்கப்பட்டை மரம் சேர்ந்த லாரேசி தாவரக் குடும்பத்தின் புதைபடிவ இலையைத் தேடுபவர்கள் முதலில் விளிம்பைப் பார்க்க வேண்டும். அதில் ரம்பம் போன்ற பல் இருந்தால் ஒதுக்கிவிடலாம். பல்லற்ற இலையில், அடிப்பகுதிக்குச் சற்று மேலே நடுநரம்பிலிருந்து இரு பக்க நரம்புகள் குறுங்கோணத்தில் பிரிந்து, விளிம்பையொட்டி வளைந்து பாதிக்கும் மேல் ஏறினால், இக்குடும்பமாக இருக்க வாய்ப்பு மிகுதி. பிரியாணியில் போடும் மூன்று நரம்புப் பிரிஞ்சி இலையை அருகில் வைத்துக்கொண்டால் கண் விரைவில் பழகிவிடும். பூவும் மணமும் மறைந்த பின்னும், லிக்னின் என்ற மரப்பொருள் ஏறிய நரம்புகள் பாறையில் தடம் பதிப்பதால்தான் இவ்வழி பயன்படுகிறது. இலந்தையிலும் மூன்று நரம்புகள் உண்டு என்றாலும், அவை அடியிலேயே பிரிகின்றன, விளிம்பில் நுண்பற்களும் தென்படும்.

அவகாடோ போன்று, நடுநரம்பின் இருபுறமும் இறகைப்போலப் பக்க நரம்புகள் வரிசையாகப் பிரியும் இறகு நரம்பமைப்புள்ள லாரேசி இலைகளுக்கு இக்குறிப்பு பொருந்தாது. மேற்தோல் படலம் எஞ்சாத ஐரோப்பியப் படிவங்களை இத்தகைய புதைபடிவ லாரேசி இலைகளுக்கு வழங்கும் டாஃப்னோஜீன் என்ற பொதுப்பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.