மாடல் ரயிலும் அது ஓட வேண்டிய ஆண்டும்: அடிக்கடி நடக்கும் தவறுகள்

என்னுடைய லேஅவுட் (மாடல் ரயில் ஓடுவதற்காக அமைத்த குட்டிக் காட்சி) 1958ஆம் ஆண்டின் ஒரு சிறிய ஜெர்மன் நிலையம். அப்படித்தான் வருபவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பார்க்க வந்த நண்பர் சைடிங்கில், அதாவது பக்கத் தண்டவாளத்தில், நின்ற பழுப்பு நிற மூடு வேகனைக் கையில் எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்த வண்டி வர்றதுக்கு இன்னும் இருபத்து நாலு வருஷம் இருக்கே!"

வேகனின் கீழ் ஓரத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் ஒரு தேதி. கடைசியாகப் பராமரிப்புக்குப் போன நாளை ஜெர்மன் வேகன்களில் அப்படி எழுதுவார்கள். அதில் 1982 என்று இருந்தது. அவர் அந்தத் தேதி வரை போயிருக்கவே வேண்டாம். வேகன் எண்ணிலேயே 12 இலக்கங்கள் இருந்தன. ஐரோப்பா முழுக்க அந்த 12 இலக்க முறை 1960களின் நடுவில்தான் வந்தது. 1958இல் அதே வேகன் ஓடியிருக்கலாம். ஆனால் அந்த எழுத்துகளோடு ஓடியிருக்காது.

இந்தப் பொழுதுபோக்கில் நாம் செய்யும் தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. என்ஜின் எந்த ஆண்டு தயாரானது என்று தேடிப் படிக்கிறோம், அந்த ஆண்டை வைத்தே முடிவெடுக்கிறோம். மாடல் காட்டுவதோ அந்த என்ஜினின் வாழ்க்கையில் ஒரு குறிப்பிட்ட கட்டத்தை. அது என்ன பெயிண்டில், என்ன எண்ணோடு, எத்தனை விளக்கோடு நின்றது என்பதுதான் கேள்வி. அந்தத் தோற்றத்துக்கு ஒரு தொடக்க ஆண்டும் ஒரு முடிவு ஆண்டும் உண்டு. இரண்டும் தெரியாமல் வாங்கினால் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதுதான்.

டப்பாவில் போட்டிருக்கும் எண்

ஐரோப்பிய மாடல்களின் டப்பாவில் ஒரு ரோமன் எண் இருக்கும். மாடல் ரயில் சங்கங்களின் ஐரோப்பியக் கூட்டமைப்பான மோரோப் வகுத்த காலகட்டப் பிரிவு அது. ஜெர்மனிக்கு ஏறத்தாழ இப்படி வரும்: 1920 வரை ஒன்று, 1945 வரை இரண்டு, 1970 வரை மூன்று, 1990 வரை நான்கு, 2006 வரை ஐந்து, அதற்குப் பிறகு ஆறு. நாட்டுக்கு நாடு ஆண்டுகள் கொஞ்சம் மாறும்.

இரண்டு டப்பாவிலும் 'மூன்று' என்று போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து ஓடலாம் என்று நினைக்கிறோம். மூன்றாம் காலகட்டம் கால் நூற்றாண்டு நீளம். அதன் தொடக்கத்தில் போரில் சிதைந்த நிலையங்களும் மரப் பெஞ்சு போட்ட மூன்றாம் வகுப்புப் பெட்டிகளும் இருந்தன. 1956 ஜூன் 3 அன்று ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகள் மூன்றாம் வகுப்பை ஒழித்தன. பெரும்பாலும் பெஞ்சு அதேதான். கதவோரம் எழுதியிருந்த 3 மட்டும் 2 ஆனது. (இந்தியாவில் இது நடக்க 1974 ஆனது.) அதே மூன்றாம் காலகட்டத்தின் பின்பகுதியில், 1965இல், இ 03 என்ற மின்சார என்ஜின் மியூனிக் கண்காட்சிக்காக 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக் காட்டியது. கதவில் 3 எழுதிய பெட்டியும் இந்த என்ஜினும் ஒன்பது ஆண்டு இடைவெளியில் ஒன்றையொன்று தவறவிட்டவை. டப்பாவில் மட்டும் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு.

இதைவிடப் பெரிய குழப்பம் பிரிட்டிஷ் எண்களால் வருவது. அவர்களுக்குத் தனி வரிசை. அதில் மூன்று என்றால் 1923 முதல் 1947 வரை, நான்கு என்றால் 1948 முதல் 1956 வரை. ஐரோப்பாவின் நான்கு தொடங்குவதே 1970இல். நான்கும் நான்கும் ஒன்று என்று நினைத்து, பிரிட்டிஷ் என்ஜினையும் ஐரோப்பியக் கண்டத்துப் பெட்டிகளையும் ஒரே கால அலமாரியில் அடுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். டப்பா எண் கடையில் அலமாரியைத் தேட உதவும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

ஒரே என்ஜின், ஏழெட்டு வேடங்கள்

உலகத்திலேயே அதிகம் பேர் மாடலாக வைத்திருக்கும் என்ஜின்களில் பிரிட்டனின் நீராவி என்ஜின் 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்' ஒன்று. அதிகம் பேர் தப்பாக ஓட்டுவதும் அதைத்தான் என்று தோன்றுகிறது. 1923இல் வெளிவந்தபோது அதன் எண் 1472. அடுத்த ஆண்டு 4472 ஆனது. 1928இல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு நிற்காமல் ஓடுவதற்காக, நடுவழியில் ஆள் மாறும்படி உள்ளே நடைவழி வைத்த டெண்டர் (நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டி) சேர்ந்தது. போர்க்காலத்தில் கறுப்புப் பெயிண்ட். 1946இல் முதலில் 502, அதே ஆண்டிலேயே 103. 1947 தொடக்கத்தில் பாய்லரை மாற்றி, ஏ1 வகுப்பிலிருந்து ஏ3 வகுப்புக்கு ஏற்றினார்கள். 1948இல் ரயில்வே அரசுடைமையானதும் எண் 60103. பெயிண்ட் சில காலம் நீலம், பிறகு கரும்பச்சை. 1958 கடைசியில் இரட்டைப் புகைபோக்கி. 1961இல் பாய்லரின் முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் புகையை மேலே ஒதுக்கும் தகடுகள். 1963இல் ஓய்வு.

தவறு இதற்குப் பிறகுதான் நுழைகிறது. ஓய்வு பெற்ற என்ஜினைத் தனியார் ஒருவர் வாங்கி, பழைய ஆப்பிள் பச்சையடித்து, மறுபடி 4472 என்று எண் போட்டார். நாம் பார்க்கும் அழகான வண்ணப் படங்களில் பல அதற்கு அப்புறம் எடுத்தவை. பெயிண்டும் எண்ணும் 1930களைச் சொல்லும். உடம்பு 1947க்குப் பிந்தையது. பின்னாளில் ஒரு கட்டத்தில் பச்சைப் பெயிண்டும் 4472ம் இருக்கும்போதே இரட்டைப் புகைபோக்கியும் ஓரத் தகடுகளும் திரும்பி வந்தன. அந்தக் கோலத்தில் ஒரு மாடலை 1930களின் எக்ஸ்பிரஸில் மாட்டினால், கல்யாண ஃபோட்டோவில் மாப்பிள்ளைக்கு நரைத்த மீசை ஒட்டியது போல இருக்கும்.

அதனால் என் முதல் அறிவுரை: பாதுகாக்கப்பட்ட என்ஜினின் படத்தை ஆதாரமாக வைக்காதீர்கள். அருங்காட்சியகம் காட்டுவது அவர்கள் தேர்ந்தெடுத்த ஒரு நாளை. சில சமயம் எந்த நாளிலும் இல்லாத ஒரு கலவையை. அன்றைக்கு வேலையில் இருந்தபோது எடுத்த, தேதி தெரிந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைத்தால் அதுதான் பொக்கிஷம். 'இது அருங்காட்சியக என்ஜின், இன்றைக்குச் சிறப்பு ரயில் இழுக்கிறது' என்று சொல்லித் தப்பிக்கும் வழியும் இருக்கிறது, நியாயமான வழிதான். ஆனால் அப்போது நடைமேடையில் நிற்பவர்கள் கையில் செல்ஃபோன் இருக்க வேண்டும்.

நீராவி பழசு, டீசல் புதுசு?

பாதி உண்மை. அதனால்தான் ஏமாற்றுகிறது. 160 கிலோமீட்டர் வேகத்தில் பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையே பறந்த டீசல் ரயில் 1933இலேயே ஓடத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் 'முதலை' மின்சார என்ஜின்கள் 1919இல் பிறந்தவை. இந்தப் பக்கம், பிரிட்டிஷ் ரயில்வே கடைசியாகக் கட்டிய நீராவி என்ஜின் 'ஈவ்னிங் ஸ்டார்' வெளிவந்தது 1960 மார்ச்சில். அதற்குள் அங்கே ஷண்டிங் டீசல்கள் (யார்டில் பெட்டிகளை இழுத்து இடம் மாற்றுபவை) பல ஆண்டு ஓடிப் பழகிவிட்டிருந்தன. அந்த என்ஜின் வேலை பார்த்ததே ஐந்து ஆண்டுதான். சித்தரஞ்சன் தொழிற்சாலை அகலப்பாதைக்குக் கடைசியாகக் கட்டிய நீராவி என்ஜினின் கதையும் இதேதான்: ஆண்டு 1970, டபிள்யூ.டி.எம். 2 டீசல்கள் இந்தியாவுக்கு வந்து எட்டு ஆண்டு ஆகியிருந்தது. அதற்கு வைத்த பெயர் 'அந்திம் சிதாரா', அதாவது கடைசி நட்சத்திரம். இரண்டு நாடும் கடைசி என்ஜினுக்கு நட்சத்திரப் பெயரையே தேடிப் போயிருக்கின்றன.

ஆக, நீராவியும் டீசலும் ஒரே ஷெட்டில் நிற்பது தவறே இல்லை. எந்த நீராவி எந்த டீசலோடு என்பதைத்தான் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 1968 ஆகஸ்ட்டோடு பொதுப் பாதையில் வழக்கமான நீராவி ஓட்டம் முடிந்தது. அந்தக் கடைசி ஓரிரு ஆண்டுகளில் என்ஜின்களைத் துடைக்க ஆளில்லை. பெயர்ப் பலகைகளையும் கழற்றிவிட்டிருந்தார்கள். டப்பாவிலிருந்து எடுத்த பளபளப்போடு 1967இல் ஒரு நீராவி என்ஜினை நிறுத்தினால், எண்ணும் சின்னமும் சரியாக இருந்தாலும் காலம் தப்பு. பெயிண்ட் கடைக்குப் போக வேண்டாம், கொஞ்சம் புகைக்கரி நிறப் பொடி போதும்.

ஒரே ராத்திரியில் எதுவும் மாறவில்லை

விவரம் தெரிந்தவர்கள் செய்யும் தவறு இது. 1948 ஜனவரி 1 அன்று பிரிட்டிஷ் ரயில்வே பிறந்தது என்று படித்துவிட்டு, அந்த ஆண்டு லேஅவுட்டில் எல்லா வண்டிக்கும் புதுச் சின்னம் ஒட்டிவிடுவார்கள். அன்றைக்குக் காலையில் ஓடிய எல்லா என்ஜினும் பழைய கம்பெனிகளின் பெயிண்டில்தான் ஓடியது. பணிமனைக்குப் போகும் முறை வரும்போதுதான் புதுப் பெயிண்ட். சரக்கு வேகன்களில் பழைய கம்பெனி எழுத்து பல ஆண்டு மங்கிக்கொண்டே கிடந்தது. மேற்கு ஜெர்மனி 1968 ஜனவரி 1 அன்று என்ஜின்களுக்குக் கணினி எண் கொடுத்தது: வி 200 என்பது 220, இ 10 என்பது 110. எண் மாறியதே தவிர, பெயிண்டும் வடிவமும் அப்படியே. மாறுகிற ஆண்டுகளை எடுத்துக்கொள்பவருக்கு இது வரப்பிரசாதம், பழசும் புதுசும் கலந்த பெட்டி வரிசைதான் அங்கே சரியானது.

அமெரிக்க பாக்ஸ்கார்களில் (மூடிய சரக்கு வேகன்கள்) இந்த இழுபறியை இன்னும் நன்றாகப் பார்க்கலாம். ஒரு காலத்தில் பிரேக் போடுகிறவர்கள் ஓடும் வண்டியின் கூரை மேல் நடந்து போவார்கள்; அதற்காகக் கூரையில் பலகைப் பாதை இருக்கும். 1966 கடைசியிலிருந்து புதிதாகக் கட்டிய பாக்ஸ்காரில் அது கிடையாது. பழைய வண்டிகளில் கழற்றி முடிக்க வெகுகாலம் பிடித்தது. 1967இல் வண்டிகளின் பக்கவாட்டில் பல வண்ணக் கோடுகள் கொண்ட அடையாள அட்டை ஒட்டச் சொன்னார்கள், கருவி படித்துத் தெரிந்துகொள்வதற்காக. அழுக்குப் படிந்து கருவியால் சரியாகப் படிக்க முடியவில்லை. 1977இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். அட்டையை யாரும் உரிக்கவில்லை. எனவே அட்டை இருந்தால் 1967க்கு முந்தைய காட்சியில் அந்த வண்டிக்கு இடமில்லை; 1985இல் தாராளமாக நிற்கலாம். நல்லவேளையாக, அமெரிக்க வேகன்கள் கட்டிய மாதத்தையும் ஆண்டையும் பக்கவாட்டிலேயே எழுதி வைத்திருக்கும். வாங்குவதற்கு முன் அதைப் படிக்க அரை நிமிஷம் போதும்.

ரயிலைத் தவிர மற்றதெல்லாம்

என்ஜினுக்கு ஆறு மாதம் ஆராய்ச்சி செய்துவிட்டு, பக்கத்து ரோட்டில் கைக்குக் கிடைத்த காரை வைப்போம். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இல்லாத ஜெர்மன் லேஅவுட் அபூர்வம். அதன் பின்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருந்தால் 1953க்கு முந்தைய தயாரிப்பு, முட்டை வடிவமாக இருந்தால் 1957 வரைக்கும், பெரிய செவ்வகமாக இருந்தால் அதற்குப் பிந்தையது. விரல் நுனி அளவு கார்தான், ஆனால் முழு லேஅவுட்டையும் அது காட்டிக் கொடுத்துவிடும்.

பழைய பொருள் புதுக் காலத்தில் இருக்கலாம்; புதுப் பொருள் பழைய காலத்தில் இருக்கவே முடியாது. நூறு ஆண்டு நிலையக் கட்டடம், நீராவி போன பிறகும் துருப்பிடித்து நிற்கும் தண்ணீர்க் குழாய், தாத்தா காலத்துச் சைக்கிள் எல்லாம் தாராளமாக வரட்டும். காட்சியில் இருப்பதிலேயே வயதில் சின்னது எதுவோ, அதன் ஆண்டுதான் உங்கள் லேஅவுட்டின் ஆண்டு. அதனால் தேட வேண்டியது இளைய பொருளை: கூரையில் டிஷ் ஆன்டெனா, குட்ஸ் யார்டில் இன்றைய தர அளவுக் கன்டெய்னர், என்ஜின் முகம் முழுக்க மஞ்சள் (பிரிட்டனில் அது 1960களின் கடைசியில்தான், அதற்கு முன் சின்ன மஞ்சள் பட்டை, அதற்கும் முன் எதுவுமில்லை).

நண்பர் போன பிறகு பூதக்கண்ணாடியோடு முழு லேஅவுட்டையும் நானே சோதித்தேன். இன்னும் இரண்டு வேகன், ஒரு தபால் வேன் வெளியேறின. கடைசியாக மாட்டியவர்கள் தண்டவாளத்தோரம் மண்வெட்டியோடு நின்ற மூன்று தொழிலாளிகள். பளீரென்ற ஆரஞ்சு மேலாடை. அப்படி ஒளிரும் மேலாடையை ரயில்பாதைத் தொழிலாளிகளுக்குப் போட்டு முதலில் சோதித்துப் பார்த்த நிர்வாகங்களில் பிரிட்டிஷ் ரயில்வேயும் ஒன்று; ஸ்காட்லாந்தில், 1964இல். என் ஆட்கள் ஆறு ஆண்டு முன்கூட்டியே உடுத்திவிட்டார்கள். மூன்று பேருக்கும் கருநீலம் அடித்தேன். ஒருவருக்கு மட்டும் அக்குளில் பிரஷ் நுழையவில்லை. விளக்குப் போட்டால் அங்கே இன்னும் கொஞ்சம் ஆரஞ்சு தெரிகிறது.