அலுவலகம் திரும்பும் முன் ஒரு படிவம்

அதிபர் டிரம்ப்பின் 2025 ஜனவரி 20 உத்தரவால் அலுவலகம் திரும்பும் அமெரிக்க மத்திய அரசு ஊழியரா நீங்கள்? மேசை, நாற்காலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் பணி விவரங்களைப் பதிவுசெய்யும் எஸ்எஃப்-50 படிவத்தை எடுத்து, 39-ஆம் கட்டத்தில் பணியிடமாக எந்த ஊர் இருக்கிறது என்று பாருங்கள். முழுநேரமும் வீட்டிலிருந்தே வேலை செய்தவருக்கு அது பெரும்பாலும் வீடு இருக்கும் ஊராகத்தான் இருக்கும். வட்டார ஊதியம் (அடிப்படைச் சம்பளத்தோடு ஊருக்கு ஏற்பச் சேர்த்துத் தரும் தொகை) அதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. தினமும் வாஷிங்டனுக்குப் போய்க்கொண்டு, படிவத்தில் பழைய ஊரே கிடந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். (சிலருக்கு லாபம், ஆனால் கூடுதலாகக் கொடுத்ததைப் பின்னால் திருப்பிக் கேட்பார்கள்.)

ரயில், பஸ் பயணச் சலுகை தானாக வராது; உடனே விண்ணப்பியுங்கள். 2025-இல் 325 டாலராக இருந்த மாத உச்சவரம்பு 2026-இல் 340.